சூடானால் நின்றுபோகும் வண்டி

பாப்பா,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. போன மாதம் ஆயுத பூஜைக்குக் கும்மிடிப்பூண்டி வந்து, இரண்டு நாள் உன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தவன் அதைக் கேட்டால் நீயே சிரிப்பாய். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் பாதியில் பேனாவை மூடிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுத்த அன்று நீ திருவள்ளூருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல், நடுரோட்டில் நம் மோட்டார் சைக்கிள் நின்றதே, அதற்கு நீ வைத்த குங்குமம் காரணம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நீ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை என்பது எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.

உன் வீட்டில் அன்று பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் ஸ்பானர்கள், உன் தையல் மெஷின், கலாவின் பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தாய். கலா சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினாள். நீ சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். “நீயே வைம்மா. நான் வெச்சா ஆவாது. என் கைக்கு ராசி கெடையாது” என்றாய். ஒன்பது வயசுப் பெண் சும்மா இருப்பாளா? “ஏம்மா கெடையாது?” என்று கேட்டாள். “அது அப்பிடித்தான். போய் வை” என்று சொல்லிவிட்டு நீ அடுப்பங்கரைக்குப் போனாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் சுவரில் சாய்ந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். அந்த வெற்றிலையை என்னால் போட முடியவில்லை. “உன் கை பட்டா வெளங்குமா” என்று ரோட்டில் வைத்து நான் கத்திய வார்த்தை அது. நீ அதைப் பத்திரமாக வைத்திருந்து, இப்போது உன் மகளுக்கும் கொடுக்கிறாய்.

உனக்குத் தெரிந்த கதையையும் இதில் சொல்லத்தான் வேண்டும். நடந்தது உனக்குத் தெரியும், நான் எதை மனசில் வைத்துக்கொண்டு நடந்தேன் என்பது தெரியாது. நான் ஆயில் எஞ்சின் ஃபிட்டர். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வரைக்கும் எந்தக் கிணற்றில் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் பொதட்டூர்பேட்டைக்கு ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு காண்ட்ராக்டரின் மாந்தோப்புக்குப் போன இடத்தில்தான் அந்த வண்டியைப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கென்று வந்த இங்கிலாந்து வண்டி, ஒற்றை சிலிண்டர். கொட்டகை மூலையில் சக்கரம் இரண்டும் மண்ணில் புதைந்து கிடந்தது, சீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. “இன்னாத்துக்கு ஆவும் அது? வேணும்னா எட்த்துக்கினு போ” என்றார் அவர். கோழியை இறக்கிவிட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிஸ்டன் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். டாங்குக்குள் கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, நீயும் உன் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குலுக்கினீர்கள். உள்ளே இருந்த துரு ரசம் மாதிரி வந்தது. செயினுக்கும் டயருக்கும் நான் மூர் மார்க்கெட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன் என்று எனக்கே கணக்கு இல்லை. மேலே பூசியிருந்த கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால் அடியில் பட்டாளத்துப் பச்சை. ஒன்றரை வருஷ வேலை. அதில் பாதி வேலை உன் கையால் நடந்தது. இதையும் நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

எதற்கு எனக்கு அந்தப் பைத்தியம்? என் அப்பா மேலத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். கூலிக்கு ஏர் ஓட்டியவர், வேறு வழியில்லை. அந்தத் தெருவில் நான் டபடபவென்று போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. போனேன். தெருவில் பாதி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பத்து உதை, இருபது உதை, சத்தமே இல்லை. “இன்னாடா, வெள்ளைக்காரன் வண்டி வெள்ளைக்காரனோடயே பூட்ச்சா?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து அரை மணி கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது! அன்று பிடித்த பேஜாரு. காலையில் ஜம்மென்று கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும்.

டீசல் எஞ்சினில் பொறி என்ற சமாச்சாரமே கிடையாது. காற்றை அழுத்தினாலே சூட்டில் எரிந்துவிடும். நான் படித்ததெல்லாம் அது. இந்த வண்டிக்கோ பொறி வேண்டும். அதைக் கொடுப்பது மேக்னெட்டோ என்கிற உருண்டைப் பெட்டி. காந்தத்துக்கு நடுவே கம்பி சுற்றிய ஆர்மேச்சர் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், அது பிளக்குக்குப் போய்ப் பொறியாக விழும். எனக்கு அதைத் திறக்கப் பயம். பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் கார்ப்பரேட்டரைக் கழற்றினேன், பெட்ரோலில் கலப்படம் என்றேன், பிளக்கை மாற்றினேன், அதன் வெளிமூடிக்குள் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பாயின்டை மட்டும் போஸ்ட் கார்டு கனத்துக்கு இடைவெளி வைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நீதான் ஒரு நாள் கேட்டாய், “பெட்ரோல் மேல தப்புன்னா, ஆறினதும் எப்பிடி நைனா ஓடும்?” என்று. உன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வேறு எழுதி வைத்திருந்தாய்: ஆறியிருக்கும்போது பிளக்கில் பொறி நீலம், சூட்டில் பொறி இல்லை. அடுத்த முறை வண்டி நின்றபோது துணியை நனைத்துப் பிழிந்து மேக்னெட்டோ மேல் சுற்றினாய். அரை மணிக்குப் பதில் ஐந்து நிமிஷத்தில் கிளம்பியது. பதினேழு வயசுப் பெண் அத்தனை சுத்தமாகக் கண்டுபிடித்துக் காட்டினாய். நான் துணியைப் பிடுங்கி எறிந்தேன். “தண்ணி பட்டா அது செத்துப்பூடும். போய் உலையப் பாரு” என்றேன். உனக்கு முன்னால் எனக்குத் தெரியவில்லையே என்ற எரிச்சல், பாப்பா. வேறு ஒன்றும் இல்லை.

நம் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நீ. திருவள்ளூருக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தபோது தெருவே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பூஜைக்கு முதல் நாள் நான் பாயின்ட் மூடியைக் கழற்றித் துடைத்து வைத்திருந்தேன். நீ சுத்தியல், அரம், வைஸ் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து அந்த மூடிக்கும் வைத்தாய். பூஜை அன்று எதையும் தொடக்கூடாது, மறுநாள்தான் எடுத்து மாட்டினேன். போகிற அன்று காலையில் நீ, “பஸ்ல போயிடலாம் நைனா, இது சூடானா நின்னுடும்” என்று கெஞ்சினாய். உன் அம்மாவும் சொன்னாள். என் பெண்ணை என் வண்டியில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதை எப்படி விடுவது?

திருத்தணி தாண்டி வண்டி நின்றது. மூடியைத் திறந்தேன், பாயின்டைச் சுற்றிச் சிவப்பாகத் தூள். “யார்டி இங்க குங்குமம் வெச்சது?” என்றேன். “நான்தான் நைனா. மூடி மேலதான் வெச்சேன்” என்றாய். “பொறி வர்ற எடத்துல குங்குமத்தக் கொட்டி வெச்சிக்கினு, மூடி மேலயாம்! உன் கை பட்டா வெளங்குமா?” என்று நான் கத்திய கத்தலில், ரோட்டோரம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீ தலைகுனிந்து நின்றாய். அந்த நேரம் பார்த்துத் திருவள்ளூர் பஸ் வந்தது. நீ கை காட்டினாய், நின்றது. “பொண்ண மட்டுமாவது ஏத்தி வுடுய்யா” என்றார் கண்டக்டர். “நீ போய்யா, அஞ்சு நிமிஷத்துல உன்னத் தாண்டிப் போறேன்” என்றேன். பஸ் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் நான் வேறு எதை மறந்தாலும் அந்தப் பஸ்ஸின் பின்பக்கத்தை மறக்க முடியவில்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்து குங்குமத்தைத் துடைத்தேன். உதைத்ததும் வண்டி கிளம்பியது. “பாத்தியா? தொடச்சதும் வருது!” என்று உன்னிடம் ஜெயித்தவன் மாதிரிச் சொன்னேன். அந்த அரை மணியில் மேக்னெட்டோ ஆறிவிட்டது என்பது என் புத்தியில் ஏறவில்லை. அதுவரை நான் ரோட்டில் செய்த ரிப்பேர் எல்லாமே அப்படித்தான். பிளக்கைத் துடைப்பேன், ஓடும். கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டுவேன், ஓடும். என் வேலையால் ஓடவில்லை, வேலைக்கு ஆன நேரத்தால் ஓடியது. கனகம்மாசத்திரம் தாண்டி மறுபடி நின்றது. அதன் பிறகு ஒரு தடவை. கடைசி ஒரு மைலை நான் தள்ள, நீ உன் ஒரே நல்ல புடவையோடு பின்னாலிருந்து தள்ளினாய். பன்னிரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். “மூணு தடவ பேர் கூப்ட்டோம்மா. அடுத்த வருஷம் மனு போடு” என்றார் அங்கிருந்த குமாஸ்தா. நல்ல மனுஷர், உனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நீ அழவில்லை. திரும்பி வரும்போது என்னிடம், “தப்பு என்னுதுதான் நைனா” என்றாய். நான் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் உள்ளது தெரியாது. அடுத்த கோடையில் மேக்னெட்டோவை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மதராஸ் புதுப்பேட்டையில் ஆர்மேச்சர் சுற்றும் ஒரு பாயிடம் போனேன். வயசானவர். “சூடானா நின்னு, ஆறினா ஓடுதா?” என்று நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார். ஆர்மேச்சரை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டிச் சுழற்றினார், பொறி இல்லை. ஆறவிட்டுச் சுழற்றினார், நீலமாக விழுந்தது. உள்ளே கண்டென்சர் என்று ஒன்று இருக்கிறதாம், சூட்டில் அது தாங்குவதில்லை, கம்பியும் பழசு, அவ்வளவுதான். குங்குமத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “குங்குமம் இன்னா பண்ணும்? அது பாட்டுக்கு இருக்கும். இந்தக் கோளாற ஒரு சின்னப் புள்ளகூடச் சொல்லிடுமே, உனக்கு யாரும் சொல்லலியா?” என்றார். ‘என் பொண்ணு சொன்னா, பாய்’ என்று என் வாயில் வரவில்லை. “வெச்சிட்டுப் போ, வெள்ளிக்கிழம சுத்தித் தர்றேன்” என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி, பழுதோடேயே துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் தெரியுமா? சரி செய்தால் வண்டி நிற்காமல் ஓடும். ஓடினால், தப்பு எங்கே இருந்தது என்று உனக்கு ஒரே நாளில் புரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது, அந்த வருஷத்து மனுப் பாரத்தை வைத்துக்கொண்டு உன் அம்மா உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நீ அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாய், “வேணாம்மா. நர்ஸுன்னா ஊசி போடணும், புள்ள பெத்துக்க வர்றவங்களத் தொடணும். என் கை பட்டு எதனா ஆயிட்ச்சின்னா?” உன் அம்மா என்னைப் பார்த்தாள். மேக்னெட்டோ துண்டோடு என் தோள்பையில் இருந்தது. தோளில் அதன் கனம் தெரிந்தது. ‘தப்பு உன்னுது இல்லம்மா, மேக்னெட்டோவுது. நீ சொன்னதுதான் சரி’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, “அவ இஷ்டம். வுடு.” பத்து நாளில் பாரத்துக்குக் கெடு முடிந்தது. தை மாதத்தில் உனக்குக் கும்மிடிப்பூண்டியில் மாப்பிள்ளை பார்த்தோம். வண்டிமேல் சாக்கைப் போட்டு மூடினேன். கேட்டவர்களிடம் ஸ்பேர் கிடைக்கவில்லை என்றேன்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் இரும்பு ஃபேக்டரியில் அந்த உலைச் சூட்டில் நின்று நின்றுதான் இப்படிக் குடிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அவர் வேலைக்குப் போகாத மாதங்களில் நீ ஊரார் ரவிக்கைகளைத் தைத்து வீட்டை ஓட்டுவதும், நாஷ்டாவை விட்டுவிட்டுப் பசியில்லை என்பதும் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது தூக்கச் சொன்னார்களாம், நீ தூக்கவில்லையாம். கலாதான் சொன்னாள். நர்ஸ் பயிற்சிக்கு இப்போது சேர்ப்பார்களா என்று திருவள்ளூர் போய் விசாரித்தேன். வயசு தாண்டிவிட்டது, கல்யாணம் ஆனவர்களை எடுப்பதும் இல்லை என்றார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உனக்கு நல்லது நடக்கும் என்று சொல்லி ஏமாற்ற எனக்கு மனசில்லை. உன் அம்மா இருந்தவரைக்கும் அவளிடமும் சொல்லவில்லை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒருவன் கடிதம் எழுதினால் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். எது நின்றுபோனாலும், கடைசியாகத் தொட்டது யார் என்று தேடாதே, யாரையும் தேடவிடாதே. எப்போது நிற்கிறது, எப்போது ஓடுகிறது என்று மட்டும் பார். இது நீ எனக்குச் சொன்னது, உன் நோட்டில் இருந்தது. கலாவிடம் உன் கையைப் பற்றி நீ சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள். உனக்காக முடியாவிட்டாலும் அவளுக்காக. முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் நம்பியதை ஒரு காகிதம் மாற்றிவிடும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் வீட்டிலிருந்து திரும்பிய வாரமே புதுப்பேட்டைக்குப் போனேன். அந்த பாய் காலமாகிவிட்டார், அவர் மகன் இருக்கிறார். இரண்டு நாளில் புதுக் கம்பி சுற்றி, கண்டென்சர் மாற்றிக் கொடுத்தார். பதினோரு வருஷம் நான் தள்ளிப்போட்ட வேலை இரண்டு நாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சாக்கை எடுத்து, வண்டியைக் கழுவி, எண்ணெய் மாற்றி, டியூப் மாற்றினேன். இந்த வயசில் எனக்குப் பாயின்டுக்கு இடைவெளி வைக்கவே ஒரு காலைப்பொழுது ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். ஊத்துக்கோட்டை வழியாக ஐம்பது மைலுக்கு மேல், கும்மிடிப்பூண்டி வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. வண்டியை உனக்குக் காட்டி, கையை வைத்துப் பார், எவ்வளவு சூடு, ஆனாலும் ஓடுகிறது பார் என்று சொல்லி, அப்படியே மற்றதையும் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

ஆமாம், உன் தெருவுக்கு வந்தேன். நீ அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய். வண்டிச் சத்தம் கேட்டதும் பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாய். நான் முனை டீக்கடைப் பக்கம் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி அணைத்துவிட்டேன். நீ புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டையே வெகுநேரம் பார்த்தாய். உனக்கு அந்தச் சத்தம் தெரியாமல் இருக்காது. பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நடுவில் முப்பது அடி இருந்திருக்குமா? மேலத் தெருவில் அவ்வளவு வீராப்பாகப் போனவனுக்கு அந்த முப்பது அடி நடக்க முடியவில்லை. ஒரு டீ வாங்கி, அதையும் பாதி வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். எஞ்சின் தொட முடியாத சூட்டில் இருந்தது. கிளம்பாதே, கிளம்பாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிக்கரில் காலை வைத்தேன். கிளம்பாவிட்டால் வேறு வழியில்லை, உன் வாசலுக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன். ஒரே உதையில் கிளம்பிவிட்டது, பாப்பா.

நைனா